மல்லை: ஒரு கடற்கரைச் சுற்றுலா ஊரின் தோற்றமும் வளர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவில் அமைந்த மாமல்லபுரம் இன்று வார இறுதி ஓய்விடமாகவும் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறியப்படுகிறது. பல்லவ மன்னன் நிறுவினான், பின்னர் ஊர் பாழடைந்தது, ஐரோப்பியர் மீண்டும் கண்டறிந்தனர், அதன்வழிச் சுற்றுலா வளர்ந்தது என்பதே இவ்வூரைப் பற்றி வழங்கும் பொதுவான வரலாறாகும். சங்க இலக்கியம், ஆழ்வார் பாசுரங்கள், சோழர் கல்வெட்டு ஆகியவற்றோடு இவ்வரலாற்றை ஒப்பிட்டு, ‘பாழடைந்த ஊர்’ என்னும் கருத்தின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மல்லை, கடல்மல்லை, நீர்ப்பெயற்று, தலசயனம், நகரம், குப்பம், மாசி மகம், சுற்றுலா.

முன்னுரை

ஓர் ஊரின் தோற்றத்தை யாருடைய செயலாகக் கொள்வது என்பது வரலாற்று வினா மட்டுமன்று. அவ்வூரில் இன்று வாழ்வோரின் நிலையோடும் தொடர்புடையது. நினைவுச்சின்னங்களால் ஊர் தோன்றியது எனக் கொண்டால், சின்னங்களைச் சுற்றி வாழ்வோர் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர் ஆகின்றனர். ஊர் முன்னரே இருந்து, சின்னங்கள் அதனுள் எழுந்தன எனக் கொண்டால் நிலைமை வேறாகிறது. மாமல்லபுரத்தைப் பொறுத்தவரை இவ்விரு பார்வைகளுள் முதலாவதே வழிகாட்டி நூல்களிலும் பாடநூல்களிலும் நிலைபெற்றுள்ளது. தமிழ்ச் சான்றுகள் எப்பார்வைக்கு இடந்தருகின்றன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிற்பங்களின் கலைநயம் இங்கு ஆராயப்படவில்லை. அதுபற்றிப் போதிய அளவு எழுதப்பட்டுள்ளது.

நீர்ப்பெயற்றுச் சிக்கல்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, பாணன் செல்லும் வழியில் நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினத்தைக் காட்டுகிறது. மேலைத் திசையினின்று வந்த குதிரைகளும் வடதிசைப் பொருள்களும் இறங்கும் துறை, மணல் நிறைந்த தெருக்கள், மாடமாளிகைகள், இரவில் கலங்களை அழைக்கும் தீயினை உச்சியிற் கொண்ட உயர்ந்த மாடம் ஆகியன அங்கே இடம்பெறுகின்றன. ஏணி சார்த்தி ஏறுதற்கும் அரிய அம்மாடம் தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கலங்கரை விளக்கக் காட்சிகளுள் மிகத் தெளிவானவற்றுள் ஒன்று.

இந்நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்பது ஒரு சாரார் கருத்து. பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய வசவசமுத்திரமே அது என்பது மற்றொரு கருத்து. பிந்தைய இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தமை அக்கருத்திற்கு வலுவூட்டுகிறது. மாமல்லபுரத்தில் அதற்கு நிகரான துறைமுகச் சான்று கிட்டாதவரை, முதற்கருத்தை முடிந்த முடிபாகக் கொள்ளல் இயலாது.

எனினும் ஒன்று கருதத்தக்கது. ஊருக்குள் குன்றின்மீதுள்ள ஒலக்கணேசுவரர் கோயிலின் கூரை, 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புதிய கருங்கல் கலங்கரை விளக்கம் எழும்வரை விளக்கேற்றப் பயன்பட்டது. இதனைக் காட்டிச் சங்ககாலக் கலங்கரை விளக்கம் இதுவே என வருகையாளருக்குச் சொல்லும் வழக்கம் அங்கு உண்டு. கோயில் பல்லவர் காலத்தது. சங்கப் பாடலின் மாடமாக அது இருத்தல் இயலாது. ஆயினும் அப்பிழைக்குள் ஒரு நியாயம் உள்ளது. கடலிலிருந்து கரை நோக்கி வருவோர்க்கு இக்குன்று எக்காலத்தும் அடையாளமாக இருந்துள்ளது. ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ‘ஏழு கோயில்கள்’ என்ற பெயரால் குறித்ததும் கடலிலிருந்து கண்ட காட்சியின் அடிப்படையிலேயே ஆகும்.

சங்ககாலத்தை அடுத்து நோக்கத்தக்க சான்று ஊரின் வடக்கே சாளுவன்குப்பத்தில் கிடைத்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டைப் பின்பற்றி, 2005இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு அகழ்ந்தது. வடக்கு நோக்கிய முருகன் கோயில் ஒன்றின் பல்லவர்காலக் கருங்கற் கட்டடமும், அதன் கீழே அதற்கும் முந்திய செங்கற் கோயிலும் வெளிப்பட்டன. கல்வெட்டுகள் அவ்விடத்தைத் திருவிழிச்சில் எனக் குறிக்கின்றன. செங்கற் கோயிலைச் சங்ககாலம் வரை கொண்டுசெல்வதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் பல்லவர் கல்லைக் கையாள்வதற்கு முன்னரே இக்கடற்கரையில் வழிபடும் மக்கள் இருந்தனர் என்பது இதனால் உறுதிப்படுகிறது.

பெயரும் நிறுவனரும்

மாமல்லன் என்பது முதலாம் நரசிம்மவர்மனின் (கி.பி. 630–668) பட்டப்பெயர், அவன் பெயரால் ஊர் மாமல்லபுரம் ஆயிற்று என்பது பெருவழக்கு. ஆழ்வார் பாசுரங்களோ இவ்வூரை மல்லை, மாமல்லை, கடல்மல்லை எனக் குறிக்கின்றன. மரபுப்படி இவ்வூரிலேயே தோன்றியவரான பூதத்தாழ்வார் தம் இரண்டாந் திருவந்தாதியில் மாமல்லை என்கிறார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இரு பதிகங்களைக் கடல்மல்லைத் தலசயனத்திற்கு உரியனவாக்குகிறார். மூன்றாம் நந்திவர்மனைப் பாடிய நந்திக்கலம்பகமும் மல்லையை அவனுக்குரிய ஊராகப் போற்றுகிறது.

மல்லை என்பது மாமல்லபுரத்தின் மரூஉவா, அன்றி அதற்கும் முந்திய பெயரா? தொல்காப்பிய உரியியல் மல்லல் என்னும் சொல்லுக்கு வளம் எனப் பொருள் கூறுகிறது. வளமுடைய துறை என்னும் பொருளில் மல்லை முன்னரே வழங்கியிருக்க, மாமல்லன் பட்டத்தின் ஒலியொப்புமை அதனை அரசன் பெயரோடு இணைத்திருக்கக்கூடும். பூதத்தாழ்வாரின் காலத்தை நரசிம்மவர்மனுக்கு முன்னர் வைப்போர்க்கு இது ஏற்புடையதாகும். பின்னர் வைப்போர்க்கு ஏற்புடையதன்று. ஆழ்வார் காலம் தீராத சிக்கலாக இருக்கும்போது பெயர்மூலத்தை அதன்மேல் எழுப்புதல் மணலில் அடித்தளம் இடுவதாகும். இவ்விடத்தில் உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றே: பாசுரம் பாடியோர் வாயில் அரசன் பெயர் இல்லை, கடலின் பெயர் உண்டு. ‘கடல்’ என்னும் அடையே அவர்களுக்கு ஊரின் முதன்மை அடையாளமாக இருந்தது.

நிறுவனர் யார் என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. சின்னங்களை மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், இராசசிம்மன் எனப் பல தலைமுறைக்குப் பங்கிடுவது பழைய வழக்கு. 1962இல் இரா. நாகசாமி, அத்யந்தகாமன் முதலிய விருதுப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு, இங்குள்ள சின்னங்கள் யாவும் இராசசிம்மன் காலத்தனவே என வாதிட்டார். அதனை முற்றிலும் ஏற்றோர் சிலரே; ஆயினும் அவ்வாதத்திற்குப் பின் ‘நரசிம்மவர்மன் நிறுவிய ஊர்’ என ஐயமின்றி எழுதுதல் ஆய்வாளர்க்கு எளிதன்று. மயிலை சீனி. வேங்கடசாமி பெரும்பாறைச் சிற்பத்திற்குச் சமணப் பொருள் கண்டதும், அருச்சுனன் தவமா பகீரதன் தவமா என்னும் வழக்கு ஓயாமையும், பொதுமக்கள் உறுதியென நம்பும் பல செய்திகள் இன்னும் வழக்கிலேயே உள்ளன என்பதைக் காட்டுகின்றன.

மகாபலிபுரம் என்னும் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. மிஞ்சு, விஞ்சு என்பவற்றிற்போல மகரமும் வகரமும் மாறி வருதல் தமிழில் இயல்பாதலின், மாமல்லபுரம் பேச்சில் மாவல்லபுரமாகி, மாவலிபுரமாகிப் பின் மாவலி மன்னனின் கதையை ஏற்றிருக்கலாம். வராகக் குடைவரையில் உள்ள திரிவிக்கிரமச் சிற்பம் அக்கதைக்கு அருகிலேயே சான்றளித்து நின்றது. பெயர் கதையை ஈன்றதா, கதை பெயரைத் திரித்ததா என்பதைக் காட்டிலும், அப்பெயரே உலகேறியது என்பது இங்கு முதன்மையானது. 1984இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இச்சின்னங்கள் சேர்க்கப்பட்டபோது அவை மகாபலிபுரத்துச் சின்னங்கள் என்றே பதிவாயின. கல்வெட்டுப் பெயர் ஒன்று, பாசுரப் பெயர் ஒன்று, உலகப் பட்டியற் பெயர் ஒன்று என ஊர் மூன்று பெயர்களைத் தாங்கி நிற்கிறது.

‘நகரம்’ என்னும் சான்று

திருமங்கையாழ்வாரின் மல்லை துறைமுக ஊர். பொற்குவையும் யானைகளும் மணிகளும் ஏற்றிய கலங்கள் சுமை தாங்காது சாய்ந்து இயங்கும் கடலை அவர் காட்டுகிறார். பக்திப் பாசுரத்தில் வணிகக் காட்சி மிகை எனத் தள்ளலாம். ஆயினும் வேறு கடற்கரைத் தலங்களுக்கு அவர் இத்தகைய காட்சியை வழங்கும் முறையோடு ஒப்பிட்டுப் பார்த்தே அம்முடிவுக்கு வரவேண்டும்.

பல்லவர்க்குப் பின் ஊர் பாழாயிற்று என்னும் கருத்தை மறுக்கும் வலிய சான்று கடற்கரைக் கோயிலிலேயே உள்ளது. முதலாம் இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது ஏறத்தாழ கி.பி. 1010ஐச் சார்ந்தது, ஆமூர்க் கோட்டத்து மாமல்லபுரத்தின் நிலத்தைப் புதிதாகப் பங்கிட்டுக்கொள்ள ஊரார் ஒப்பிய ஏற்பாட்டைப் பதிவுசெய்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளிவந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், சுற்றுலா வரலாறுகளில் இக்கல்வெட்டு இடம்பெறுவது அரிது. காரணம் அறிதல் கடினமன்று: அதில் போரோ, சிற்பியோ, அரசன் காதலோ இல்லை. நிலத்தைக் கூறுபோட்டுக் கொண்ட மக்கள் மட்டுமே உள்ளனர். பல்லவர் வீழ்ந்து நூறாண்டுக்கும் மேலாகிய பின்னர் நிலத்தைப் பங்கிடவும், அதனைக் கோயிற் கல்லில் பொறிக்கவும் தேவையிருந்த ஓர் ஊர் பாழூர் ஆகாது.

அதன்பின் ஊரைத் தாங்கியது தலசயனம். பாம்பணையின்றித் தரையில் பள்ளிகொண்ட பெருமாளாக இங்கு இறைவன் வணங்கப்படுகிறான். பாற்கடலை அடைய விரும்பிக் கடல்நீரைக் கையால் இறைத்துக்கொண்டேயிருந்த புண்டரீக முனிவருக்காக, இறைவன் முதியவர் வடிவில் வந்து கரையிலேயே கிடந்தான் என்பது தலவரலாறு. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றாக அறியப்பட்டமையால் வழிபடுவோர் வருகை இங்கு நின்றதில்லை. சுற்றுலா என்னும் சொல் பிறக்குமுன்னரே வெளியூரார் வந்து தங்கி, உண்டு, கடலாடிச் சென்ற ஊர் இது.

‘கண்டுபிடிப்பு’ என்னும் கதை

வில்லியம் சேம்பர்சு 1772லும் 1776லும் இவ்வூரைக் கண்டு எழுதிய குறிப்பு, 1788இல் ஆசியாட்டிக் ரிசர்ச்சசு முதல் தொகுதியில் வெளியாயிற்று. கடலுக்குள் மூழ்கிய கோயில்களின் செம்புத் தகடு வேய்ந்த உச்சிகள் கதிரெழும்போது தோன்றின என்னும் செய்தியை அவர் உள்ளூராரிடம் கேட்டு எழுதினார். ஆங்கிலக் கவிஞர் இராபர்ட் சதே 1810இல் வெளியிட்ட காப்பியத்தில் கடலுள் மூழ்கிய பலியின் நகரம் இடம்பெற்றது. இவ்வாறு மல்லை ஐரோப்பிய வாசகரின் கனவூர் ஆயிற்று.

இங்கு ஓர் எளிய தருக்கம் கவனிக்கப்படவில்லை. சேம்பர்சுக்குக் கதை சொன்னவர் யார்? கதை சொல்ல ஆட்கள் இருந்த இடத்தை யாருமற்ற இடிபாடாகக் கொள்வது எவ்வாறு? 1803இல் காலின் மெக்கன்சியின் உதவியாளர்களுள் ஒருவரான காவலி வேங்கட இலட்சுமய்யா இச்சிற்பங்களை விவரித்து எழுதினார். அக்குறிப்பும் சேம்பர்சு முதலியோர் கட்டுரைகளும் 1869இல் எம்.டபிள்யூ. கார் தொகுத்த நூலில் ஒருங்கே இடம்பெற்றன. தொகுப்பில் அருகருகே நின்றாலும், பிற்கால நூல்களில் சேம்பர்சு கண்டறிந்தவராகவும் இலட்சுமய்யா தகவலாளராகவும் ஆயினர். இப்பகுப்பு இன்றும் நீங்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் வருகையை எளிதாக்கியது பக்கிங்காம் கால்வாய். 1806 முதல் பகுதி பகுதியாக வெட்டப்பட்டு 1878இல் ஆளுநர் பெயர் பெற்ற இந்நீர்வழி ஊரின் மேற்கே செல்கிறது. சென்னையில் மாலையில் படகேறி, படகிலேயே உறங்கி, காலையில் இறங்குவது அக்காலப் பயண முறை. உப்பும் விறகும் சுமந்த அதே கால்வாயில் வேடிக்கை பார்ப்போரும் வந்தனர். தங்கும் ஊராக மல்லை மாறுவதற்கு இன்னும் காலம் இருந்தது.

ஓய்விட ஊராதல்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு நிகழ்வுகள் ஊரின் போக்கை மாற்றின. ஒன்று இலக்கியத்தின்வழி நிகழ்ந்தது. 1944 தொடங்கிக் கல்கி இதழில் தொடராக வந்த சிவகாமியின் சபதம், ஆயனச் சிற்பியையும் மாமல்லனையும் தமிழ் நடுத்தர வகுப்பினரின் மனத்தில் பதித்தது. கல்வெட்டறிஞர் ஐயுற்ற ‘நிறுவனரை’ நாவல் ஐயத்திற்கு அப்பால் நிறுத்திவிட்டது. பள்ளிச் சுற்றுலாவாக இவ்வூருக்கு வரும் மாணவர்க்கு இன்றும் வரலாறாகச் சொல்லப்படுவதில் நாவலின் பங்கு கணிசமானது.

மற்றொன்று 1957இல் தொடங்கப்பட்ட அரசு சிற்பக்கலைப் பயிலகம். வை. கணபதி தபதி பின்னர் இதன் தலைமையை ஏற்று நெடுங்காலம் வழிநடத்தினார். இன்று தெருவெங்கும் கேட்கும் உளியொலி பல்லவர் காலந்தொட்டு இடையறாது வருவது எனப் பலரும் நம்புகின்றனர். இது பிழை. இக்காலச் சிற்பத்தொழில் பெரும்பாலும் பயிலகத்தையும் அதில் பயின்றோர் அமைத்த பட்டறைகளையும் சார்ந்து எழுந்தது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது. ஒரு மரபு முறிந்தபின் கற்பித்தலால் மீண்டும் ஊன்றப்பட்டது என்பதே அதன் சிறப்பு. கோயில்களுக்கான கருங்கற் படிமங்களும் வருகையாளர்க்கான மாக்கற் பொம்மைகளும் ஒரே பட்டறையில் உருவாவதைக் காணலாம். இக்கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வெளிநாட்டு இளைஞர்கள் மிகுதியாக வரத் தொடங்கிய காலத்தில் அவர்களுக்கு இடமளித்தவை பெருவிடுதிகள் அல்ல. ஒத்தவாடைத் தெருவும் அதனையொட்டிய மீனவர் வீடுகளுமே. வீட்டின் மாடியில் ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விடுவதே தொடக்கம். பின்னர் அவ்வறைகள் விடுதிகளாயின, முற்றங்கள் மீன் உணவகங்களாயின. நெய்தல் நிலத்தின் விருந்தோம்பல் தொழிலாக மாறிய முறை என இதனைக் கொள்ளலாம். அண்மையில் அலைச்சறுக்குப் பயிற்சி தருவோரும் மீனவ இளைஞரே. அலையின் குணம் அறிந்தோர் அவர்கள்.

2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை மேம்படுத்தப்பட்டபின் வளர்ச்சி ஊரைவிட்டு வெளியே நகர்ந்தது. சென்னையிலிருந்து ஒரு மணிநேரத்தில் வந்து திரும்பலாம் என்றானபின், பெருவிடுதிகள் சாலையோரம் வரிசையாக எழுந்தன. 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடந்ததும் ஊருக்கு வெளியே பூஞ்சேரியில்தான். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது ஊரே மேடையாயிற்று. வருவோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட ஊர் சிறியது: மக்கள்தொகை 2001இல் 12,345; 2011இல் 15,172.

குப்பமும் மணலும்

இங்கேதான் தொடக்கத்தில் எழுப்பிய வினா நடைமுறை வடிவம் பெறுகிறது. தொல்லியல் சின்னங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டரைக் கட்டுமானத் தடைப்பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுப்பாட்டுப் பகுதியாகவும் வகுக்கிறது. 1991 முதல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளும் உள்ளன. சின்னங்கள் ஊர் முழுதும் சிதறிக் கிடக்கும் மல்லையில் இவ்விரு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. சின்னங்களைக் காக்கும் சட்டம் தேவையே, அதில் ஐயமில்லை. ஆனால் பெருவிடுதி கட்டுவோர் வட்டத்திற்கு அப்பால் நிலம் வாங்கிக்கொள்ள இயலும்; கடலை ஒட்டியே வாழவேண்டிய மீனவர்க்கு அது இயலாது. வீடு பழுதுபார்ப்பதற்கும் அனுமதி நாடவேண்டிய நிலையில், ‘ஊர் எப்போது தோன்றியது’ என்பதற்கான விடை அவர்களுக்கு ஏட்டு விடையாக மட்டும் இருப்பதில்லை.

வாழிடமாக மட்டுமன்றி, வந்துசெல்லும் உரிமையாகவும் இக்கரையை உடையோர் உளர். ஆண்டுதோறும் மாசி மகத்தின்போது வட தமிழகத்துப் பல பகுதிகளிலிருந்து இருளர் மக்கள் குடும்பத்தோடு இக்கடற்கரையில் கூடுகின்றனர். சேலைகளையும் தழைகளையும் கொண்டு தங்கலமைத்து, மணலைக் குவித்துப் படிகளிட்டு, கன்னியம்மனை வழிபடுகின்றனர். விடியலில் அங்கேயே திருமணம் பேசுவதும் நடத்துவதும் காதுகுத்துவதும் உண்டு. அவர்கள் எழுப்பும் கோயில் மணலால் ஆனது. அடுத்த அலைக்கு எஞ்சாது. கல்லால் ஆகாதது எப்பட்டியலிலும் ஏறாது. கல்வெட்டில்லாத வழிபாட்டின் தொன்மையை அளக்கும் கருவி நம் துறையில் போதுமானதாக இல்லை என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும்.

மீனவரின் அறிவு ஆய்வுக்குப் பயன்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. 2002இல் இந்தியத் தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்துக் குழு ஒன்றும் இணைந்து நடத்திய நீரடி ஆய்வில், கடற்கரைக் கோயிலிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் கட்டட எச்சங்கள் எனத்தக்கவை காணப்பட்டன. ஆய்வாளரை அவ்விடங்களுக்கு இட்டுச்சென்றது உள்ளூர் மீனவரின் சொல். வலை சிக்கும் இடங்களையும் மீன் கூடும் பார்களையும் அவர்கள் பெயரிட்டே அறிவர். நீருக்கடியில் உள்ள பாறைக்கும் பாருக்கும் வழங்கும் இப்பெயர்கள் தொகுக்கப்பட்டு அகராதியாயின், ‘ஏழு கோயில்கள்’ சிக்கலுக்கும் மல்லை என்னும் பெயர்மூலத்திற்கும் புதிய சான்று கிட்டக்கூடும். கட்டுமரம் கண்ணாடியிழைப் படகாகவும், கரையடையாளம் செயற்கைக்கோள் கருவியாகவும் மாறிவரும் இந்நாளில், அப்பெயர்களை முழுதும் அறிந்தோர் முதியவர்களாகவே உள்ளனர். அத்தொகுப்புப் பணியைத் தமிழ்த்துறை ஆய்வாளர் இப்போதே தொடங்குதல் வேண்டும்.